எட்டுப் பேர், இருபது கோல்கீப்பர்

ஜொகூரில் 2014 தொடக்கத்திலிருந்து 2024 முடியும்வரை வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கோலாலம்பூர்க்காரர்கள் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியும் பந்து பார்த்துவிட்டு ஞாயிறு பத்து மணிக்கு நிதானமாக எழுந்திருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கிலாந்தில் மாலை மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்துக்கு வரும், அங்கே குளிர்காலம் பிறந்து கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் பதினொன்றுக்கு. அதற்கடுத்த ஆட்டத்தையும் பார்த்தால் மணி மூன்று ஆகிவிடும். ஏழு மணிக்கு நான் செம்பனை ஆலையில் குலைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். 2025 ஜனவரி முதல் தேதி விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபோது, சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் லீக்கைவிட அதிகமாக மகிழ்ந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

லீக் என்றால் பேண்டஸி லீக். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கின் உண்மையான ஆட்டக்காரர்களை நாமே பொறுக்கி ஒரு குழு அமைப்பது. அவர்கள் அங்கே ஆடுவதைப் பொறுத்து நமக்கு இங்கே புள்ளி. மலேசியாவில் அலுவலகம், பட்டறை, பள்ளி ஆசிரியர் அறை என்று இது இல்லாத இடமே இல்லை. ஆனால் பெரும்பாலோர் ஆடுவது 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் பதினைந்து பேரை வாங்கும் வகை. அதில் ஊரே நட்சத்திர ஆட்டக்காரர் சாலாவை வைத்திருக்கலாம், ஹாலாண்டை வைத்திருக்கலாம். நாங்கள் ஆடுவது 2017இல் பிரீமியர் லீக்கே தொடங்கிய டிராப்ட் வகை. பணமே கிடையாது. சீசனுக்கு முன் வரிசை போட்டு ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டே போக வேண்டும். நான் எடுத்த ஆள் எனக்கு மட்டும்தான். வேண்டுமென்றால் என்னிடம் வந்து பேரம் பேசு. இந்தப் பேரத்துக்காகவே நான் இந்த வகையை விட்டு நகரவில்லை.

எட்டுப் பேர். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர், மெக்கானிக் அண்ணன், பாலர்பள்ளி டீச்சர் அக்கா, அன்னாசி ஏற்றும் லாரிக்காரர், இன்னும் மூவர், நான். லீக்கை நிர்வகிப்பவனும் நானே. காசு வைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. கடைசி இடத்தில் முடிப்பவர் எல்லாருக்கும் ஒரு காலைப் பசியாற வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். காசு புகுந்த லீக்குகள் இரண்டே ஆண்டில் உறவைக் கெடுத்துக்கொண்டு கலைந்ததை இந்த வட்டாரத்தில் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிற எவரும் முதல் டிராப்டில் செய்யும் காரியம், நல்ல கோல்கீப்பரைச் சீக்கிரமே எடுத்துக்கொள்வது. பெரிய குழுவின் கோல்கீப்பர், தொலைக்காட்சியில் பார்த்த முகம், "இவன் கோலே விடமாட்டான்" என்ற நம்பிக்கை. அவர்களைத் தடுக்க நான் முயல்வதில்லை. போட்டி என்றால் போட்டிதானே. ஆனால் கணக்கு என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோல்கீப்பர் 60 நிமிடம் ஆடினாலே 2 புள்ளி. அவர் குழு கோல் வாங்காமல் முடித்தால் 4. மூன்று பந்துகளைத் தடுத்தால் 1. இரண்டு கோல் வாங்கினால் ஒன்று கழியும். பெனால்டியைத் தடுத்தால் 5, அது அபூர்வம். பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். இதில் பெரிய தொகையான அந்த 4 புள்ளி கோல்கீப்பருடையது மட்டுமல்ல. முன்னால் நிற்கும் நான்கு தடுப்பாளர்கள், அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் பந்தைப் பறிப்பவர், எதிரணி முன்னணி ஆள் அன்றைக்கு இருந்த இருப்பு எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. தடுப்புக்குக் கிடைக்கும் சில்லறைப் புள்ளிதான் அவர் கையால் சம்பாதித்தது. அந்தச் சில்லறை யாருக்கு அதிகம் கிடைக்கும்? அடிக்கடி தாக்கப்படும் குழுவின் கோல்கீப்பருக்கு.

கணக்குப் போடுவோம். பலமான குழு பத்து ஆட்டத்தில் நான்கில் கோல் வாங்காமல் முடிக்கிறது என்று வையுங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 1.6 புள்ளி வருகிறது. ஆனால் அவருக்கு வரும் பந்துகளே இரண்டு, மூன்றுதான். தடுப்புப் புள்ளி சராசரியில் மூன்றில் ஒன்றுதான் தேறும். கோல் வாங்கியதற்குக் கால் புள்ளி கழித்தால், ஆடியதற்கான இரண்டோடு சேர்த்து 3.7. நடுத்தரமான ஒரு குழு ஒன்பதில் இரண்டு ஆட்டத்தில் தப்பிக்கிறது. அங்கே 0.9. ஆனால் அந்தக் கோல்கீப்பர் ஆட்டத்துக்கு நான்கு தடுக்கிறார், அதில் 1. வாங்கிய கோலுக்கு அரை கழித்தால் 3.4. வித்தியாசம் வாரத்துக்கு 0.3. முப்பத்தெட்டு வாரத்துக்கும் சேர்த்துப் பதினொரு புள்ளி. ஒரு நல்ல தாக்குதல் ஆட்டக்காரன் இரண்டு கோல் அடித்து, போனஸும் வாங்கினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைச் சம்பாதித்துவிடுவான்.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு என்று வாத்தியார் சிரித்தார். 2022/23 சீசனைப் பாருங்கள் என்றேன். அந்த ஆண்டு தங்கக் கையுறை விருது மென்செஸ்டர் யுனைடெட்டின் டி ஹேயாவுக்கு. பதினேழு ஆட்டங்களில் கோல் வாங்கவில்லை. பிரென்ட்ஃபோர்டின் டேவிட் ராயா பன்னிரண்டு ஆட்டங்களில்தான் அப்படி முடித்தார். ஆனால் ராயா 154 பந்துகளைத் தடுத்திருந்தார், லீக்கிலேயே அதிகம். பேண்டஸி புள்ளியில் கோல்கீப்பர்களில் முதலிடம் ராயாவுக்குத்தான். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ராயா அர்செனலுக்குப் போனார். பலமான குழு, பதினாறு ஆட்டங்களில் கோல் இல்லை, தங்கக் கையுறை அவருக்கு. பேண்டஸி புள்ளியோ முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது! கைகள் அதே கைகள்தான். அர்செனலில் அவரை நோக்கி வந்த பந்துகள் குறைந்துவிட்டன.

ஆலையில் என் வேலை குலைகளைத் தரம் பிரிப்பது. லாரியிலிருந்து கொட்டும் குலைகளில் பெரியது, கனமானது எது என்று புதிய பையன்கள் பார்ப்பார்கள். நான் பார்ப்பது பழம் உதிர்ந்த குழிகளை. பத்துப் பழமாவது தானாக உதிர்ந்து, குழி ஈரமாக இருந்தால்தான் பழுத்த குலை. எவ்வளவு பெரிய குலையாக இருந்தாலும், கறுத்துப்போய் ஒரு பழம்கூட உதிராமல் இருந்தால் எண்ணெய் தராது. ஆட்டக்காரனையும் அப்படித்தான் பார்க்கிறேன். பெயருக்கும் முகத்துக்கும் புள்ளிப் பட்டியலில் இடமில்லை. எந்தச் செயலுக்குப் புள்ளி உண்டோ அந்தச் செயல் அவனிடமிருந்து வாரம் எத்தனை முறை வருகிறது என்பதே கேள்வி.

கோல்கீப்பர் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிரீமியர் லீக்கில் இருபது குழுக்கள். அதாவது வாரா வாரம் ஆடும் கோல்கீப்பர்கள் இருபது பேர். நாங்கள் எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு கோல்கீப்பர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பதினாறு பேர் போய்விட்டால் நான்கு பேர் எப்போதும் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடப்பார்கள். அந்த நால்வரில் இந்த வாரம் பலவீனமான எதிரணியோடு சொந்த மைதானத்தில் ஆடுபவர் யாரென்று பார்த்து எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் அவரை விட்டுவிட்டு இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆள் 3.4 தருவார் என்றால், 3.7 தருபவருக்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டும்? ஏறக்குறைய ஒன்றும் கொடுக்கக் கூடாது.

தாக்குதல் ஆட்டக்காரர்களின் நிலைமை நேர்மாறு. ஆளுக்கு மூவர் என்றால் எட்டுப் பேருக்கு இருபத்து நால்வர் வேண்டும். இன்றைய குழுக்களில் பெரும்பாலானவை முன்னணியில் ஒருவரைத்தான் நிறுத்துகின்றன. ஆகவே எல்லாருக்கும் பங்கிட்டால் கடைசியில் கிடைப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுபதாவது நிமிடத்தில் இறங்குபவர்கள்தான். அதனால் எங்கள் லீக்கில் கீழ்வரிசைக் குழு ஒன்றில் தொண்ணூறு நிமிடமும் ஆடும் சாதாரண ஸ்ட்ரைக்கருக்கு இருக்கும் மவுசு, மேல்வரிசைக் குழுவின் கோல்கீப்பருக்குக் கிடையாது. ஒரு சீசனில் லீக்கைப் பத்துப் பேராக்கினோம். கோல்கீப்பர் கணக்கு தலைகீழானது. இருபது பேரும் போய்விட்டார்கள், வெளியே ஆடுகிற ஒருவர்கூட மிச்சமில்லை. காயம்பட்டால் மாற்று இல்லை என்று ஆகிவிட்டது. அந்த ஆண்டு ஒரு சுமாரான கோல்கீப்பரை வைத்தே வாத்தியார் இரண்டு பேரம் முடித்தார். விளையாட்டு மாறவில்லை, தலைக்கணக்கு மாறியது.

இந்த விளையாட்டின் இன்றைய வடிவம் பிறந்தது கால்பந்தில் இல்லை. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் 'லா ரோட்டிஸெரி பிரான்ஸேஸ்' என்ற உணவகத்தில் கூடி பேஸ்பாலில் ஆரம்பித்தது. பேஸ்பாலைப் பற்றி எனக்கு அக்கறையே இருந்ததில்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் என் அக்கா மகன். சிங்கப்பூரில் வேலை, தினமும் எல்லை தாண்டுகிறவன். அவன் அலுவலகத்தில் அமெரிக்கர்கள் சிலர் நடத்தும் பேஸ்பால் பேண்டஸி லீக்கில் ஆள் குறைந்ததென்று இவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் கைத்தொலைபேசியை நீட்டினான்.

"மாமா, பிட்சர்னா பந்து வீசறவன். இந்தப் பட்டியல பாருங்க. யார விட்டு யார வாங்கறதுனே தெரியல."

நான் ஆட்களின் பெயரைப் பார்க்கவில்லை. எதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். அவர்கள் லீக்கில் ஒரு மட்டையாளரை வெளியேற்றினால் 1. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பேர், ஆக இன்னிங்ஸுக்கு 3. மூன்று ஸ்டிரைக்கில் அவரே வெளியேற்றினால் 'ஸ்டிரைக்அவுட்', அதற்கு மேலும் 1. அடி விட்டால், நடக்க விட்டால், ஓட்டம் கொடுத்தால் கழியும். குழு வென்று, வெற்றி அந்தப் பிட்சர் பெயரில் எழுதப்பட்டால் தனியாகச் சில புள்ளி. கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தால் 'சேவ்', அதற்கு 5.

படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் நம் கோல்கீப்பர் கணக்குதான். வெற்றி என்பது பிட்சரின் பெயரில் எழுதப்படும். ஆனால் அவர் குழு மட்டை பிடித்து ஓட்டம் எடுத்தால்தான் அது வரும். 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.70 ஓட்டம்தான் கொடுத்தார். அவ்வளவு அபாரமாக வீசியும் அவர் கணக்கில் பத்து வெற்றி, ஒன்பது தோல்வி. அவர் குழு அவருக்காக ஓட்டம் எடுக்கவே இல்லை. 2025இல் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 1.97 சராசரியில் வீசி, பத்து வெற்றி பத்துத் தோல்வியோடு முடித்தார். இருவருக்கும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்தது. விருது கொடுப்பவர்களுக்கே இப்போது வெற்றிக் கணக்கின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஸ்டிரைக்அவுட் மட்டும் பிட்சர் தன் கையால் சம்பாதிப்பது. 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ரசிகர் இதை எண்களை வைத்தே எழுதினார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அடியாகுமா, பிடிபடுமா என்பதில் பிட்சருக்கு இருக்கும் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அது பின்னால் நிற்பவர்களையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது என்றார். முதலில் அடித்துப் பேசியவர்கள் பலர் பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். நல்ல பெயர் எடுத்த பிட்சரின் ஓட்டக் கணக்கு திடீரென்று மோசமானால், அவர் ஸ்டிரைக்அவுட் குறைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் அவரை வைத்திருப்பவர் பதறிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.

அக்கா மகனுக்கு வந்த பேரம் இதுதான். ஒரு புகழ்பெற்ற 'க்ளோசர்' (கடைசி இன்னிங்ஸ் மட்டும் வீசுபவர்) அவனுக்கு. பதிலுக்கு அவனிடமிருக்கும் பெயர் தெரியாத, ஐந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகும் ஸ்டார்ட்டர். அவனுக்கு அந்த க்ளோசர் மேல் ஆசை. தாள் எடு என்றேன். ஸ்டார்ட்டர் சீசனுக்கு 180 இன்னிங்ஸ். கழிவெல்லாம் போக இன்னிங்ஸுக்கு 2 புள்ளி தங்கினாலும் 360. க்ளோசருக்கு 65 இன்னிங்ஸ்தான். அபாரமான ஆள் என்பதால் இன்னிங்ஸுக்கு 2.3 என்று வைத்தாலும் 150. முப்பது சேவுக்கு 150. மொத்தம் 300. தவிர, க்ளோசர் நாலு நாள் சொதப்பினால் பயிற்சியாளர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். சேவ் அப்படியே நின்றுபோகும். ஸ்டார்ட்டருக்கு அந்தப் பயம் குறைவு. சில வாரங்களில் அவருக்கு இரண்டு முறை வீச வாய்ப்பு வரும், அது நம் லீக்கில் ஒரு குழு ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடுவது மாதிரி. "அப்போ பெயர் பெருசா இருந்தா மட்டும் பத்தாதா மாமா?" என்றான். பெயர் பெரிதாக இருப்பது நம் கையில் இருக்கும்போது நல்லது, விற்கும்போது உதவும் என்றேன்.

பேரத்துக்கு வருகிறேன். டிராப்டில் பதினைந்து பேரின் அமைப்பு மாறக் கூடாது; கோல்கீப்பர் இரண்டு, தடுப்பு ஐந்து, நடுக்களம் ஐந்து, முன்னணி மூன்று. ஆகவே நடுக்களத்துக்கு நடுக்களம், முன்னணிக்கு முன்னணி என்றுதான் மாற்றிக்கொள்ள முடியும். புதியவர்கள் இதை ஒரு தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கோ அதுதான் பிடிகயிறு. இரண்டுக்கு இரண்டு என்று பேசும்போது, ஒரு ஜோடியில் நான் தோற்று, மறு ஜோடியில் அதைவிட அதிகமாக ஜெயிக்கலாம்.

2023 டிசம்பரில் நடந்தது எங்கள் லீக்கின் பெரிய பேரம். நடக்காமல் போன பேரம் என்று சொல்ல வேண்டும். அந்த சீசன் தொடங்கியபோது கோல் பால்மர் மென்செஸ்டர் சிட்டியில் பெஞ்சில் இருந்த பையன். யாருமே எடுக்கவில்லை. செப்டம்பர் முதல் தேதி செல்சீக்கு மாறினார். அக்டோபரில் பெனால்டி அடிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு டீச்சர் அக்கா அவரைச் சும்மா கிடந்தவர்களின் பட்டியலிலிருந்து தூக்கிக்கொண்டார். அக்காவுக்கு ஆட்டக்காரர்களின் முகம் பாதிப்பேருக்கு மேல் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டில் பெயர், நிமிடம், பெனால்டி அடிப்பவரா, அடுத்த ஐந்து எதிரணி என்று நான்கு பத்தி வைத்திருப்பார். எழுதுவது பென்சிலில், வாரா வாரம் அழித்து எழுத வேண்டும் அல்லவா.

மெக்கானிக் அண்ணனிடம் சாலா. ஜனவரியில் சாலா எகிப்துக்காக ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்குப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் அட்டவணையில் இரண்டாவது, நான்கு வாரம் சாலா இல்லாமல் இருந்தால் சறுக்கிவிடுவோம் என்ற கவலை. ஒரு வெள்ளிக்கிழமை காலை கடையில் ரொட்டி சானாய் வருமுன்பே ஆரம்பித்தார்.

"டீச்சர், சாலாவ எடுத்துக்குங்க. அந்தப் பையன எனக்குக் குடுத்துடுங்க. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் சாலாவ இப்படித் தர்றேன்."

அக்கா நோட்டைத் திறந்தார். இருபது வாரம் முடிந்தால் மிச்சம் பதினெட்டு. சாலா நான்கு வாரம் இல்லை, பதினான்கு வாரம் ஆடுவார். வாரத்துக்கு 7 என்று தாராளமாகவே போட்டு 98. அந்த நான்கு வாரமும் சும்மா கிடப்பவர் ஒருவரை வைத்தால் வாரத்துக்கு 3, ஆகப் பன்னிரண்டு. மொத்தம் 110. பால்மருக்கு வாரத்துக்கு 6 வீதம் பதினெட்டு வாரத்துக்கு 108. இரண்டும் ஒன்றுதான். ஆனால் சாலாவுக்குப் போட்டியில் காயம் படலாம், களைப்போடு திரும்பலாம். அந்த ஆபத்துக்கு யார் விலை கொடுப்பது?

"அண்ணே, சாலாவோட உங்க ஸ்ட்ரைக்கர்ல ஒருத்தரையும் குடுங்க. நான் என் பெஞ்சுல இருக்கற ஸ்ட்ரைக்கர சேத்துத் தர்றேன்."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாலாவைக் கொடுத்து, அதற்கு மேலும் கொடுப்பதா! பேரம் அங்கேயே முறிந்தது.

பிறகு நடந்தது ஊரறியும். ஜனவரி 18 அன்று கானாவுக்கு எதிரான ஆட்டத்தில் சாலாவுக்குத் தொடைத் தசை பிடித்தது. பிப்ரவரியில் ஓர் ஆட்டத்துக்குத் திரும்பி, மறுபடி உட்கார்ந்து, மார்ச்சில்தான் ஒழுங்காக வந்தார். பால்மர் ஏப்ரலில் மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று, எவர்டனுக்கு எதிராக நான்கு என்று அடித்து, 22 கோலும் 244 புள்ளியுமாக அந்த ஆண்டு மொத்த பேண்டஸிப் பட்டியலிலும் முதலாவதாக முடித்தார். ஆனால் அக்கா செய்தது சரி என்று நான் சொல்வது இந்த முடிவை வைத்தல்ல. சாலா காயமில்லாமல் வந்து கோல்களைக் குவித்திருந்தாலும் அக்கா கேட்ட விலை நியாயமான விலைதான். ஒரு பேரம் நல்லதா கெட்டதா என்பதை அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடை போட வேண்டும். மே மாதத்தில் உட்கார்ந்துகொண்டு டிசம்பரைத் திட்டுவதற்கு யாரும் படித்திருக்க வேண்டியதில்லை.

என் நிலைமை அந்த ஜனவரியில் வேறு மாதிரி. என்னிடம் இருந்தது சோன் ஹியுங் மின். அவர் தென்கொரியாவுக்காகக் கத்தாரில் ஆசியக் கிண்ணத்தில். கொரியா இருந்த பிரிவில்தான் நம் மலேசியாவும். கொரியா சீக்கிரம் வெளியேறினால் சோன் சீக்கிரம் தோட்டன்ஹாமுக்குத் திரும்புவார். நாட்டுப்பற்றும் பேண்டஸியும் இவ்வளவு அழகாக ஒத்துப்போன சந்தர்ப்பம் இன்னொன்று வராது. ஜனவரி 25 அன்று மலேசியா அவர்களோடு 3-3 என்று சமன் செய்தது. பைசால் ஹலிம் ஒன்று, எங்கள் ஜொகூர் குழுவின் அரிப் ஐமான் பெனால்டியில் ஒன்று, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ரோமல் மொராலஸ் ஒன்று. மாமாக் கடையில் நாற்காலிகள் சரிந்தன. கொரியாவுக்கான மூன்றாவது கோலைப் பெனால்டியில் அடித்தவர் சோன்தான். அதற்கு எனக்குப் புள்ளி கிடையாது, நல்லவேளை. கொரியா அரையிறுதிவரை போய் ஜோர்டானிடம் தோற்றது. நான் மூன்று வாரம் சோன் இல்லாமல் ஓட்டினேன்.

பேரம் பேசும்போது நான் கவனிப்பது எதிரில் இருப்பவரின் குழுவை. என்னிடம் எது உபரி என்று யோசிப்பது சுலபம். அவரிடம் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். முதல்நாள் மூன்று கோல் அடித்தவனை மறுநாள் வாங்கப் போகக் கூடாது, விற்கப் போகலாம். எத்தனை நல்ல வாய்ப்புகள் வந்தன என்பதைக் கோலாகக் கணக்கிடும் 'எக்ஸ்ஜி' எண் 2022/23 முதல் பேண்டஸி தளத்திலேயே இருக்கிறது. மூன்று கோல் அடித்தவனின் எண் ஒன்றுக்கும் கீழே இருந்தால், அது தினமும் நடக்காது. லாரிக்காரர் மட்டும் இந்த எண்ணை நம்ப மறுக்கிறார். "எக்ஸ்ஜியா அட்டவணைல ஏறுது? கோல்தான் ஏறுது" என்பார். அவர் இரண்டு முறை லீக்கை ஜெயித்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிர்வாகி என்ற முறையில் எனக்கு வரும் தலைவலி கடைசி வாரங்களில்தான். எட்டாவது இடத்தில் இருப்பவருக்கு ஆர்வம் போய்விடும். நண்பர் கேட்டார் என்று நல்ல ஆட்களையெல்லாம் வாரிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் பசியாற வாங்கித் தரும் தண்டனையை வைத்தோம், அதனால்தான் மார்ச்சுக்குப் பிறகு பேரம் கிடையாது என்று விதி போட்டோம். எனக்குப் பிடிக்காத பேரம் என்பதற்காக ஒன்றையும் நான் நிறுத்தியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஆளைக் கவிழ்க்கப் பேசி வைத்தது தெரிந்தால் நிறுத்துவேன். மற்றபடி ஒருவர் ஏமாந்துபோவது அவர் உரிமை.

2025/26இல் விதி மாறியது. தடுப்பாளர் ஒரே ஆட்டத்தில் பந்தை வெளியேற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்துப் பத்துச் செயல் செய்தால் 2 புள்ளி. நடுக்களத்தாருக்கும் முன்னணியினருக்கும் பன்னிரண்டு. அதுவரை கோல் வாங்காமல் இருப்பதை நம்பியே பிழைத்த தடுப்பாளர்களில், எவர்டனின் தார்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுதும் தலையால் முட்டித் தள்ளுகிறவர்களுக்குத் திடீரென்று சொந்தச் சம்பாத்தியம் வந்துவிட்டது. பெரிய குழுவின் பக்கவாட்டுத் தடுப்பாளரைவிட சின்னக் குழுவின் நடுத் தடுப்பாளர் தேவலை என்று ஆகிவிட்ட வாரங்கள் உண்டு. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு டிராப்டுக்கு வந்தவர்கள் இரண்டே சுற்றில் தடுமாறினார்கள். டீச்சர் அக்கா நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று கோடு போட்டு வந்திருந்தார்.

லீக்கில் சேர விரும்புகிறவர்கள் ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் எடுப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும். பந்து தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆட்டக்காரர் பட்டியலைத் திறக்கும் முன் புள்ளிப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். கோல்கீப்பரை முதல் சுற்றிலேயே எடுப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் இடம் உண்டு. அவர்களை நான் தடுக்கப்போவதில்லை.